வெட்டிய ஏழு நிமிடம்

"சின்ன வேலைதான்ணே" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குத் தலை வலிக்கும். பத்து வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு ஷிஃப்ட் வேலை. அது சோற்றுக்கு. பாட்டை வெட்டி ஒட்டுவது, யாரோ எப்போதோ கேட்டபோது முடியாது என்று சொல்லத் தெரியாமல் நானே தலையில் ஏற்றிக்கொண்ட பாரம். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆறு பாட்டைப் பிசைந்து ஐந்து நிமிட நடனத்துக்கு ஒன்றாக்கித் தர வேண்டும். கல்யாண மண்டபத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது நாதஸ்வரத்தில் தொடங்கிக் குத்துப்பாட்டில் முடிய வேண்டும். யாரோ ஒரு பெரியவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு இருபது சொந்தக்காரர்கள் வாட்சாப்பில் அனுப்பிய வாழ்த்தை ஒரே சரமாகக் கோக்க வேண்டும். பின்னால் டிவியும் கோழியும் கேட்கக்கூடாது. கோழியை எடுத்துவிடலாம். பேசுகிறவர் கோழியைவிட மெதுவாகப் பேசியிருந்தால் நான் என்ன செய்வது?

நைட் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். தூங்கிவிட்டு உட்காரலாம் என்றால் தூங்கினவன் எழுந்திருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அதனால் அரைத்தூக்கத்தில்தான் என் கலைச்சேவை எல்லாம் நடந்தது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாஃப்ட்வேரில் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே கண்ணுக்கு வந்துவிடும். திரையில் இடமிருந்து வலமாக நீளமாக ஒரு கோடு. சத்தம் அதிகமான இடத்தில் தடித்து நிற்கும், குறைந்த இடத்தில் மெலிந்து நூலாகக் கிடக்கும். ஆரம்பத்தில் காதால் கேட்டு வெட்டுவோம். சில வருடம் போனால் கண்ணே வெட்டிவிடும். தடித்தது பாட்டு, மெலிந்தது குப்பை. பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கள் அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே இப்போது நம் ஆட்கள் யாரும் குடியிருக்கவில்லை. கூலாய், செனாய், செடெனாக் என்று போய்விட்டவர்கள் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காடி ஓட்டிக்கொண்டு வந்து திருவிழா நடத்திவிட்டுப் போகிறோம். நிர்வாகத்தின் செயலாளர் கூலாயில் டயர் கடை வைத்திருக்கிறார். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது போன் செய்தார்.

"தம்பி, சின்ன வேலைதான்."

தலை வலி ஆரம்பித்தது.

"உறுமி மேளக்காரங்க இந்த வருஷம் வர முடியாதாம். அதே ஞாயித்துக்கெழமை குளுவாங்ல வேற கோயில் புக் பண்ணிட்டாங்க. நாமதான் லேட்டா கேட்டோம் லா. போன வருஷம் அவங்க அடிச்சத முழுசா போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கோம். அத கொஞ்சம் கிளீன் பண்ணி, நாப்பது நிமிஷமா வெட்டிக் குடுத்தீங்கன்னா ஸ்பீக்கர்ல போட்டுரலாம்."

"மொத்தம் எவ்வளவு நேரம்ணே?"

"ஒரு மணி அஞ்சு நிமிஷம்."

"அப்ப இருபத்தஞ்சு நிமிஷத்த நான் எங்க வெட்டுறது?"

"நீங்கதானே எக்ஸ்பர்ட்," என்றார் அவர். "போலீஸ் பெர்மிட்ல ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்னு போட்ருக்கு. அன்னதானம் வேற இருக்கு. நாப்பதுக்கு மேல ஒரு நிமிஷம் வேணாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எங்கள் கோயிலில் பூசாரியும் கொடுத்துவிடுவார், செயலாளரைத் தாண்டி எதுவும் நடக்காது.

முடியாது என்று சொல்லியிருப்பேன். ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் என் அக்கா.

அக்காவுக்கு அந்தக் கோயிலில் அருள் வரும். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து வருகிறது, இப்போது ஐம்பத்தொன்று, ஒரு வருடமும் தவறியதில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உறுமி ஏறும்போது அவள் கால் தானாக எழும்பும். அதன் பிறகு அவள் என் அக்கா இல்லை. சனங்கள் காலில் விழுந்து குறி கேட்பார்கள், நானும் ஓரமாக நின்று கும்பிட்டிருக்கிறேன்.

மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அவள் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவள். நான் படித்தது அவள் சம்பளத்தில். நான் பாட்டு வெட்டப் பழகிய முதல் லேப்டாப்கூட அவள் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன் மச்சானுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய், கட்டிலோடு ஆகிவிட்டார். வேலைக்குப் போகும் முன் அவரைக் குளிப்பாட்டி, வந்த பின் மறுபடியும் துடைத்து, ஊட்டி, புரட்டிப்போட்டு, அக்கா அதையும் ஒரு ஷிஃப்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவாள்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் அக்கா வேலையிடத்தில், கையில் மாப்போடு மயங்கி விழுந்துவிட்டாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கிளினிக்குக்கு நான்தான் அழைத்துப்போனேன். வெயிலில் நிற்கக் கூடாது, உடம்பை வருத்தக் கூடாது, இப்படியே போனால் கணவருக்கு வந்ததுதான் உங்களுக்கும் வரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். வேலைக்குப் போகாமலிருக்க இரண்டு நாள் எம்சி கொடுத்தார். அக்கா ஒரு நாள்தான் எடுத்தாள்.

"இந்த வருஷம் கோயிலுக்கு வேணாங்க்கா," என்றேன் வரும் வழியில்.

"சாமி காரியம்டா."

"சாமி டாக்டர்கிட்ட பேசட்டும்."

அவள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பேரத்துக்கு வந்தேன். அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். சரி என்றாள். அதனால் செயலாளர் நாற்பது நிமிடம் என்றதும் எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. சுருக்கினால் அவளுக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். இதை நான் இங்கே எழுதிவைப்பது என்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. அப்படித்தான் நினைத்தேன், அவ்வளவுதான்.

ரெக்கார்டிங் வந்தது. கூடாரக் கம்பத்தில் போனைக் கட்டிவைத்து எடுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் உறுமலும் உறுமி மேளமும் ஒன்றோடொன்று குஸ்தி போட்டன. ஒரு லாரி பின்னால் வருகிறது, பீப் பீப். ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு ஐந்து நிமிடம் அழுகிறது. ஒருவர் மைக்கில் காடி நம்பரைச் சொல்லி, "வழிய மறச்சி நிக்குது, உடனே எடுங்க" என்று சாமியை அழைக்கும் பாட்டுக்கு நடுவில் கத்துகிறார். நான்கு காலை இதிலேயே போயிற்று. ஜெனரேட்டரின் இரைச்சலைத் தனியாகப் பிடித்து மொத்தத்திலிருந்தும் கழித்தேன். கொஞ்சம் கூடக் கழித்தால் உறுமியின் அடித்தொண்டையும் சேர்ந்து போய்விடும், குறைத்தால் இரைச்சல் நிற்கும். குழந்தையை எடுத்தேன். லாரியை எடுத்தேன். காடி நம்பரை எடுத்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது, அதில் இன்னொரு இடத்துத் தாளத்தைக் கொண்டுவந்து ஒட்டித் தையல் தெரியாமல் தடவிவிட்டேன்.

உறுமி மேளத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காப்புப் பாட்டு. பிறகு அம்மனை அழைக்கும் பாட்டு. அழைத்து வந்ததும் ஆட்டம். அங்கேதான் திரையில் கோடு மரக்கட்டைபோலத் தடித்து நிற்கும். கடைசியில் அடி மெதுவாகிவிடும். பாடுகிறவர் கிட்டத்தட்ட பேசுவதுபோல, வந்த வேலை முடிந்தது, மலையேறு தாயே என்று அம்மனை அனுப்பிவைப்பார்.

அறிவிப்புகள், மேளத்தோலைத் தீயில் காய்ச்சிய இடைவெளி, திரும்பத் திரும்ப வந்த அடிகள் என்று எல்லாவற்றையும் எடுத்தும் பதினெட்டு நிமிடம்தான் குறைந்தது. இன்னும் ஏழு வேண்டும். ஐந்தாம் நாள் காலை. கண் எரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டை நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில், மரக்கட்டைக்குப் பிறகு, நூலாக ஒன்று கிடந்தது. எவ்வளவு என்று பார்த்தேன். சரியாக ஏழு நிமிடம்.

அவசரப்பட்டு வெட்டவில்லை. எங்கே நிறுத்தினால் அடி தப்பாமல் அடங்கும் என்று பார்க்க அந்தப் பகுதியை இருபது முறையாவது கேட்டிருப்பேன். பாடுகிறவர் எங்கே இருமுகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், உறுமிக் குச்சி எங்கே இழுபடுகிறது எல்லாம் மனப்பாடம் ஆயிற்று. கடைசிக் கடைசியில், மேளம் நின்ற பிறகு, போனுக்கு மிக அருகில் யாரோ ஒரு நீண்ட பெருமூச்சு விடுகிறார்கள். ஹெட்போனில் அது என் காதுக்குள்ளேயே விட்டதுபோல இருந்தது. அந்த நேரத்தில் சனமெல்லாம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடும், யார் இதைக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. ஏதோ உறுத்தியது. தூக்கம் அதைவிட அதிகமாக உறுத்தியது. ஏழு நிமிடத்தையும் பெருமூச்சோடு சேர்த்து அழித்தேன். ஆட்டத்தின் கடைசி அடிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டுபோய் முடித்தேன். சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. பழைய ரெக்கார்டிங்கை வீட்டிலிருந்த ஹார்ட்டிஸ்க்கில் போட்டுவிட்டு லேப்டாப்பிலிருந்து தூக்கினேன்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"பாட்டு நீதான் செய்றியாமே. முழுசா இருக்குல்ல?"

"கொஞ்சம் சுருக்கிருக்கேங்க்கா."

"எத சுருக்குன?"

"தேவையில்லாதத."

"சரி," என்றாள். மச்சானுக்குக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நான் கூடாரத்துக்குள் லேப்டாப்பையும் மிக்சர் பெட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணிக்குப் பாட்டை ஓடவிட்டேன். இரண்டு பெரிய ஸ்பீக்கரில் உறுமி சுத்தமாக, ஜெனரேட்டர் கலக்காமல், நெஞ்சில் வந்து இடித்தது. செயலாளர் தூரத்திலிருந்து எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். அழைப்புப் பாட்டு பாதி ஓடும்போதே அக்காவுக்கு வந்துவிட்டது. மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத உடம்பு. இன்னும் இரண்டு பெண்களுக்கும் வந்தது. நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து நிமிடம். இன்னும் கொஞ்சம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட்டு நான் குறைத்தபடி அழகாகக் குறைந்து, முடிந்தது.

மற்ற இரண்டு பெண்களும் பூசாரி விபூதி போட்டதும் சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா நிற்கவில்லை. மேளம் இல்லாத மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாள். பூசாரி விபூதி போட்டார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். கற்பூரம் காட்டினார். அவர் அர்ச்சனை செய்கிறவர். மலையேற்றும் பாட்டெல்லாம் மேளக்காரர்களின் பாடு. அவருக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. அக்காவின் கால் சிமெண்டுத் தரையில் பொத் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. முகம் சிவந்து, பிறகு சிவப்பும் போய்ச் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

செயலாளர் கூடாரத்துக்குள் ஓடிவந்தார். "தம்பி, கடைசிப் பாட்டப் போடுங்க!"

"அது இல்லண்ணே."

"என்ன இல்ல?"

"வெட்டிட்டேன்."

"அலமாக்! சாமிய அனுப்புற பாட்ட யாராச்சும் வெட்டுவாங்களா?"

"நீங்கதானே நாப்பதுக்கு மேல ஒரு நிமிஷம் வேணாம்னீங்க?"

"அதுக்கு அதையா வெட்டுவீங்க!"

அவர் சொன்னது நியாயம். சாமி ஆடாதவனுக்கும் தெரிந்த விஷயம், அழைத்தால் அனுப்ப வேண்டும் என்பது. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் நின்ற எனக்கு அது திரையில் நூலாகத் தெரிந்ததால் குப்பையாகிவிட்டது. ஹார்ட்டிஸ்க் கூலாயில் என் வீட்டு அலமாரியில் கிடந்தது. போய் வர ஒன்றரை மணி நேரம். தும்பை விட்டு வாலைப் பிடித்தவன் நிலை. மேளக்குழுத் தலைவருக்கு போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குளுவாங்கில் அவர் கையில் உறுமி இருக்கும்போது போன் எப்படி எடுப்பார்?

லேப்டாப்பைத் திருப்பினேன். ஆட்டப் பகுதியில் ஒரு துண்டை எடுத்து வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓடவிட்டேன். ஸ்பீக்கரில் அது மாட்டுக்கு வயிற்றுவலி வந்ததுபோல அலறிற்று. அக்கா வீரிட்டாள். உடம்பு வில்லாக வளைந்தது. பாய்ந்து நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான். நான் நாலு காலை கண்விழித்து நீக்கிய அதே சத்தம்.

டாக்டர் சொன்ன வார்த்தை காதில் ஓடியது. எனக்குப் பயமாக இருந்தது. அழுகை வந்தது. என் அக்காவை நானே வெட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

தண்ணீர் பிடித்துவைக்கும் நீல பிளாஸ்டிக் தோங் ஒன்று கூடார ஓரத்தில் காலியாகக் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வெயிலில் கவிழ்த்துப்போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, அடித்தேன். எனக்கு மேளம் தெரியாது. ஆனால் அந்த ஏழு நிமிடம் தெரியும். இருபது முறை கேட்டவன். எங்கே இரண்டு அடி, எங்கே ஒன்றுக்கு இடம் விட வேண்டும், குச்சி எங்கே இழுபட வேண்டும் எல்லாம் கை தானாகச் செய்தது. யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். பிறகு பாடினேன். என் குரலைப் பற்றி எனக்கே தெரியும். அடுத்தவர் குரலைத் திருத்தப் போனதே அதனால்தான்.

போதும்மா போதும் தாயே,
பொன்னுப் பாதம் நோகும் தாயே,
வெயிலுல வந்தவளே,
வேர்வையில நனஞ்சவளே,
வந்த வேல முடிஞ்சதம்மா,
களைச்சிட்ட, போ தாயே.

பாடியவர் இருமிய இடத்தில் நானும் நிறுத்தினேன். மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கினேன். முதல் முறை அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் முறை பாடும்போது கால் அடிக்குள் வந்தது. என் அடி மெதுவாக, அவள் காலும் மெதுவாக. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, வேப்பிலை கையிலிருந்து விழுந்தது. முட்டி மடங்கி அப்படியே தோங் மேல் சாய்ந்தாள். நானும் பூசாரியும் தூக்கி நிழலில் கிடத்தினோம். முகத்தில் தண்ணீர் தெளித்து, இளநீர் கொடுத்து, பிரஷர் மாத்திரையைப் போடவைத்தேன். உள்ளங்கால் இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன. கிளினிக்குப் போகலாம் என்றேன். வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோ, அங்கே மச்சான் காத்திருப்பார் என்றாள். மணி இரண்டைத் தாண்டி இருபது நிமிடம். அன்னதானம் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் இரண்டு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து காடியில் வைத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

செம்பனைகளுக்கு நடுவில் செம்மண் பாதை முடிந்து தார் ரோட்டுக்கு வரும்வரை பள்ளம் பார்த்து ஓட்டினேன். அக்கா ஏர்கோனுக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"கடைசியையா வெட்டுன?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"ஆமாங்க்கா."

"ஏன்டா?"

"அங்க ஒன்னுமே இல்லன்னு நெனச்சேன். சத்தமே கம்மியா இருந்துச்சு."

"ஒன்னுமில்லையா," என்றாள்.

கொஞ்ச தூரம் போனோம். முன்னால் ஒரு பனைக்குலை லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதைத் தாண்டிப் போகும் தெம்பில்லை, பின்னாலேயே ஊர்ந்தேன்.

"சாமி எப்பவோ போயிருச்சுடா," என்றாள். "பாட்டு நின்ன ஒடனே போயிருச்சு. அப்பறம் நான்தான் நின்னேன்."

எனக்குப் புரியவில்லை. "பின்ன ஏங்க்கா ஆடுன? செத்துருப்பியே."

"போன்னு யாரும் சொல்லலியே."

அதன் பிறகு அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "வருஷத்துல ஒரு வாட்டிதான்டா ஒரு ஆளு என் மொகத்தப் பாத்து, போதும், ஒனக்குக் காலு வலிக்கும், களைச்சிட்ட, போன்னு சொல்றாங்க. சாமிக்குத்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? ஆனா காது என்னுதுதானே. அதுக்காகவே ஒரு வருஷம் தாங்கும். இன்னைக்கு அது வரல. வரும் வரும்னு பாத்தேன். வராம எப்படிடா ஒக்கார்றது?"

"மன்னிச்சிடுங்க்கா" என்றாவது சொல்லியிருக்கலாம். லாரியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நான் பாடியது உனக்கும்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். தோங்கை அடிக்கும்போது நான் சாமியையும் நினைக்கவில்லை, அவள் களைப்பையும் நினைக்கவில்லை. எப்படியாவது நின்றுவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

செடெனாக்கில் அவள் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, அவர் மத்தியானம் சாப்பிடவே மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அக்கா கொப்புளித்த காலை விரலில் ஊன்றியபடி உள்ளே போனாள். மச்சானைப் புரட்டி முதுகைத் துடைத்தாள். அன்னதானச் சோற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து நாலு வாய் ஊட்டினாள். அவர் கண்ணால் அவள் காலைக் காட்டினார். "ஒன்னுமில்ல, வெயிலு," என்றாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"இருடா, தேத்தண்ணி கலக்குறேன்."

இதை அவள் ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். ஆயிரம் முறையும் நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றேன். முந்நூறு பேர் பார்க்கத் தோங்கை அடித்துப் பாடியவனுக்கு, ஆளில்லாத அடுப்படியில் அதே வார்த்தை வாயில் வர மறுத்தது.

"போதுங்க்கா," என்றேன். "காலு வலிக்கும். போய் ஒக்காரு. நான் கலக்குறேன்."

திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சீனி எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதேடா," என்றாள்.

உண்மைதான். பத்து வருடமாக அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறேன், தெரியாது.

"தேடிக்கிறேன். நீ ஒக்காரு."

அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதன் மேல் எப்போதும் துணியோ வெங்காயக் கூடையோதான் இருக்கும். கூடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு டின்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் உப்பு. பிறகு பயறு. எது என்று அவள் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. என் கை டின் மூடியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன வருடம் மேளம் நின்ற பிறகு, போன் கட்டியிருந்த கம்பத்தடியில் சாய்ந்து அவள்தான் அதை விட்டிருக்கிறாள். நான்தான் அதை இரைச்சல் என்று அழித்தேன்.

நான்காவது டின்னில் சீனி இருந்தது. திரும்பியபோது அக்கா தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். கரண்டி கிளாஸில் படாமல் கலக்கினேன்.